கரியைக் கழுவுகிறவர்

குளியல்தொட்டியில் முழங்கை ஆழத்துக்குக் கறுப்புக் கூழ் நின்றது. அதன் நடுவே கங்கு மாஸ்டரின் இரு கைகளும் நின்றன. பத்து நிமிடங்களுக்கு முன்பு அதே தொட்டியில் அவர் இட்டவை கெட்டியான கரிக்கட்டிகள். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னத் தலையணைகளைப்போல ஒரே அளவாகவும் ஒரே வடிவமாகவும், பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன. இப்போது அவற்றுள் ஒன்றுகூட அகப்படவில்லை. துழாவிய விரல்களுக்கிடையே குழம்பு வழிந்தது.

குளியலறை வாசலில் மனைவி வந்து நின்றாள். பேருந்து ஓட்டுநருக்குரிய நீலச் சட்டைக்குள் ஒரு கை நுழைந்திருந்தது. மறுகை நுழைவதற்குள் இந்தக் காட்சி.

"என்னங்க இது?"

"கரி."

"கரின்னு தெரியுது. தொட்டியில என்ன பண்ணுது?"

"கழுவினேன்."

அவள் மறுகையையும் நுழைத்துக்கொண்டு, பொத்தான்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தாள். கோபம் வந்தால் வாய் திறப்பதற்கு முன்பு பொத்தான் போடுவது அவள் வழக்கம். பதினோரு ஆண்டு இல்லறத்தில் பல சண்டைகள் அந்த ஏழு பொத்தான்களுக்குள்ளேயே அடங்கிப் போயிருக்கின்றன.

"கரியக் கழுவினா வெளுக்குமான்னு சும்மா பேச்சுக்குத்தான் கேப்பாங்க. நீங்க நிஜமாவே கழுவிப் பாத்துட்டீங்க," என்றாள். "நான் திரும்பி வரும்போது தொட்டி வெள்ளையா இருக்கணும். இனிமே இந்த வீட்டுக் குழாய்த் தண்ணி கரிமேல படக் கூடாது."

தொட்டி வெள்ளையாவதற்கு ஒன்பது வாளியும் ஒரு பிற்பகலும் ஆயின.

கரியைக் கழுவுவது அவருக்குக் கிறுக்கு அன்று, தொழில். தணலில் கோழியும் மீனும் சுட்டு விற்ற ஓர் உணவகத்தில் பதினான்கு ஆண்டுகள் அடுப்புக்கு முன்னால் நின்றவர் அவர். அங்கே எந்த மூட்டையும் நேராக அடுப்புக்குப் போகாது. முதலில் தண்ணீர்த் தொட்டியில் கொட்டி அலசுவார்கள். பிறகு மொட்டைமாடியில் இரண்டு நாள் வெயிலில் காயவைப்பார்கள். கரியில் ஒட்டியிருக்கும் தூள்தான் பொறியாய்த் தெறிக்கும், புகையாய்க் கிளம்பும். தூள் போனால் கரி வாய்பேசாமல் எரியும். அப்படி எரிந்த கங்கின் நிறத்தைப் பார்த்தே எந்தக் கம்பியை எங்கே வைப்பது என்று அவர் முடிவு செய்வார். கங்கு மாஸ்டர் என்ற பெயர் அப்படி வந்தது; சொந்தப் பெயரை ரேஷன் அட்டைதான் நினைவு வைத்திருந்தது.

முழுக்கட்டையை மண்ணால் மூடி மூட்டம் போட்டு எரித்து எடுத்த கரி தண்ணீரில் மிதக்கும், கழுவினால் மினுங்கும், கரையாது. இந்த நாட்டுக் கடையில் அவர் வாங்கியதோ கரித்தூளைக் கஞ்சிப்பசையில் பிசைந்து அச்சில் அழுத்தியது. பையின் பின்புறம் அதைப் பொடியெழுத்தில் சொல்லியும் இருந்தார்கள். அந்த எழுத்து அவருக்குப் படிக்க வராது.

எட்டு மாதங்களுக்கு முன்பு இங்கே வந்தபோது விமானச்சீட்டில் இருவர் பெயரும் இருந்தன. வேலை ஆணையில் மனைவியின் பெயர் மட்டும் இருந்தது. இங்கே பேருந்து ஓட்ட ஆளில்லை. அவளிடமோ கனரக வாகன உரிமமும் ஒன்பது ஆண்டு அனுபவமும் இருந்தன. தேர்வன்று அவள் பின்னோக்கி எடுத்து நிறுத்திய பேருந்துக்கும் சுவருக்கும் இடையே ஒரு தீப்பெட்டி நுழையும் இடைவெளிதான் இருந்ததாம். தேர்வாளர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், கையெழுத்திட்டார். அன்றிலிருந்து அவள் ஓட்டினாள். அவர் சமைத்தார், துவைத்தார், சன்னலோரம் நின்று மழையைப் பார்த்தார். மின்னடுப்பின் கண்ணாடித் தட்டும் சிவக்கத்தான் செய்தது. ஆனால் அதை ஊதிவிட முடியாது, ஒதுக்கிவைக்க முடியாது, நீறு பூக்கும்வரை காத்திருக்க முடியாது. மரியாதை தெரியாத நெருப்பு என்பது அவருடைய தீர்ப்பு.

மனைவியின் தம்பி ஒரு பார்சல் கிடங்கில் மேற்பார்வையாளன். அக்காள் கணவர் சும்மா இருப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை, அன்பினால்தான் பொறுக்கவில்லை. அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமையிலிருந்து அட்டைப்பெட்டி அடுக்கும் வேலையில் அவருக்காக ஓர் இடம் சொல்லிவைத்திருந்தான்.

அதே வாரத்தில்தான் உணவகம் நடத்தும் முதலாளியம்மா அகப்பட்டார். நம் பேச்சு பேசுகிறவர். எதையும் நேராகச் சொல்கிறவர். கடையின் பின்முற்றத்தில் ஆளுயர நீளத்துக்கு ஓர் இரும்பு அடுப்பு துருவேறிக் கிடந்தது. அதை மூட்டிய முந்தைய சமையல்காரர் கிளப்பிய புகை மேல்மாடிக்காரரின் வீட்டுக்குள் போய், மேல்மாடிக்காரரின் புகார் நகராட்சிக்குப் போயிருந்தது, இரண்டு முறை. மூன்றாவது புகார் போனால் அடுப்புக்கு முத்திரை வைத்துவிடுவார்கள்.

"ரெண்டு சனிக்கிழமை தரேன் மாஸ்டர்," என்றார் முதலாளியம்மா. "மதியம் பதினொண்ணுல இருந்து ரெண்டு வரைக்கும். கோழி வாசம் தெருவுக்குப் போகணும், புகை மாடிக்குப் போகக் கூடாது. செஞ்சு காட்டுங்க, அடுப்பு உங்களுது. இல்லேன்னா அதுல பூச்செடி வச்சிடறேன்."

இரண்டாவது சனிக்கிழமை கழிந்து இரண்டாம் நாள் வருவது மைத்துனன் சொன்ன திங்கட்கிழமை. ஆகவே கணக்கு எளிது: அடுப்பு அல்லது அட்டைப்பெட்டி.

முதல் சனிக்கிழமைக்கு முந்தைய நாள்தான் குளியல்தொட்டியில் கூழ் கிண்டப்பட்டது. வேறு வழியின்றி அதே கடையில் அதே பையில் இன்னொன்றை வாங்கி, கழுவாமலே அடுப்பில் இட்டார். தலையணைகள் பற்றிக்கொள்ள முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டன. அந்த முக்கால் மணி நேரமும் புகைந்தன. விசிறினால் இன்னும் புகைந்தன. முதல் கோழித்துண்டைக் கடித்த முதலாளியம்மா, மெல்லுவதை நடுவில் நிறுத்தினார்.

"மாஸ்டர், இது அடுப்பா ரயில் இன்ஜினா? கோழியில புகை வாசம்தான் வருது."

"கரி சரியில்லம்மா."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்."

"கூடம் கோணல்தாம்மா," என்றார் அவர் தலைநிமிராமல். "அடுத்த சனிக்கிழமைக்குள்ள நிமிர்த்திடறேன்."

மேல்மாடிக்காரர் அன்று வெளியே போயிருந்தது பூர்வபுண்ணியம். திரும்பி வந்தவர் மாடிப்படியில் நின்று மூக்கை உறிஞ்சினாராம். பால் பொங்கிவிட்டதென்று முதலாளியம்மா சொல்லி அனுப்பினாராம். "எத்தனை மாட்டுப் பால்னு அவர் கேக்கல. அந்த மட்டும் நல்ல மனுஷன்," என்றார்.

மாலையில் மைத்துனன் வந்தான். கூழ்ச் செய்தி அவனை ஏற்கெனவே எட்டியிருந்தது.

"மாமா, கரிக்கூழ் ஒரு டம்ளர் மிச்சம் இருக்கா? வயித்துக்கு நல்லதாமே."

"நெருப்புன்னு சொன்னா வாய் வெந்துடாது மச்சான். பேசு."

"கோவிச்சுக்காதீங்க. எங்க கிடங்குல புகையே கிடையாது. பெட்டி வரும், தூக்கணும், வைக்கணும். கையில கரி ஒட்டாது. முதல் நாள் நானே கூட நிப்பேன்."

"நீ நல்லதுக்குத்தான் சொல்ற. அதுதான் கஷ்டமா இருக்கு," என்றார் அவர்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் அவர் கடை கடையாக ஏறினார். நல்ல கரிக்கு அவரிடம் ஒரே ஒரு சோதனைதான் உண்டு: இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவது. வைரம் பாய்ந்த மரத்தை நிதானமாக எரித்த கரி வெண்கலம்போலக் கணீரென்னும். அரைகுறைக் கரி மண்ணாங்கட்டிபோலத் தொப்பென்னும். ஆனால் இங்கே கரி மூன்றடுக்குக் காகிதப் பையில், தைத்த வாயோடு வந்தது. ஆகவே அவர் பையையே தூக்கிக் காதருகே வைத்து ஆட்டினார், தேங்காய் வாங்குகிறவர் ஆட்டிப் பார்ப்பதுபோல. ஏழாவது பையை ஆட்டும்போது கடையின் காவலாளி வந்து நின்றான். மொழி இல்லாத இடத்தில் சைகை பேசியது: அவர் பையைக் காட்டினார், காதைக் காட்டினார், மறுபடி ஆட்டினார். காவலாளி சிறிது யோசித்து, தானும் ஒரு பையைத் தூக்கிக் காதருகே ஆட்டிப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பைகளையும் அடுக்கில் வைத்துவிட்டு, வாசலைக் கண்ணால் காட்டினான்.

வாங்கிய மூன்று பைகளும் மூன்று விதத்தில் கெடுதலாக இருந்தன. ஒன்று மறுபடியும் தலையணை. ஒன்று சுள்ளிக் கரி. பட்டாசுக் கட்டாய்ப் படபடத்து, கோழியை அடுக்குவதற்குள் சாம்பலாகும். மூன்றாவது வெளியே கரி, உள்ளே பச்சை மரம். உடைத்துப் பார்த்தபோது பாதி வெந்த கிழங்கைப்போலப் பழுப்பாக இருந்தது.

"நாலாவது பை வாங்கினீங்கன்னா படுக்கறதுக்கு இடம் இருக்காது," என்றாள் மனைவி. பிறகு, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "என் ரூட்டோட கடைசி ஸ்டாப்புல ஒரு பெரிய கடை இருக்கு. நாளைக்குக் காலைல ஏறுங்க," என்றாள்.

புதன்கிழமை காலை அவர் மனைவியின் பேருந்தில் ஏறினார். மற்றவர்களைப்போலவே சீட்டைக் காட்டினார். அவள் மற்றவர்களுக்குப்போலவே தலையசைத்தாள். பணிநேரத்தில் அவளுக்கு உறவு கிடையாது. விதிப்புத்தகத்தை வரிவரியாகக் கைக்கொள்கிறவள். இந்த எட்டு மாதத்தில் ஒரு முறைகூட அநாவசியமாக ஹாரன் அடித்ததில்லை என்பது அவளுக்கு உள்ளூரப் பெருமை.

அது மின்சாரப் பேருந்து. சிக்னலில் நின்றால் மூச்சுக்கூட விடாது. பதினான்காவது நிறுத்தத்தைத் தாண்டி ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது, திறந்திருந்த சன்னல் வழியே அந்தச் சத்தம் வந்தது. யாரோ ஒரு பெட்டி வெண்கலக் கிண்ணங்களைப் படிக்கட்டில் கொட்டிவிட்டதைப் போன்ற சத்தம். அவர் எழுந்தே விட்டார். சாலையோரத்தில் இரும்புக் கதவுகளும் கைப்பிடிக் கம்பிகளும் செய்யும் ஒரு பட்டறை. வாசலில் தோல் ஏப்ரன் கட்டிய ஒருவர் ஒரு சாக்கைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். சாக்கிலிருந்து கொட்டியது கரி.

அவர் மணியை அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார்.

"இங்க ஸ்டாப் கிடையாது," என்றாள் மனைவி சாலையிலிருந்து கண்ணெடுக்காமல்.

"கரி! அங்க பாரு, கரி!"

"உக்காருங்க. கட்டின புருஷனா இருந்தாலும் ஸ்டாப்புலதான் இறக்குவேன்."

அடுத்த நிறுத்தம் அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. நாற்பத்தாறு வயதில் அந்த அரைக் கிலோமீட்டரை அவர் திரும்பி ஓடிய வேகத்துக்குச் சாட்சி, எதிரே வந்த ஒரு நாயும் அதன் உரிமையாளரும் மட்டுமே. இருவரும் ஒதுங்கி வழிவிட்டனர்.

பட்டறைக்காரர் தூண்போன்ற மனிதர். மூச்சிரைக்க வந்து நின்ற அந்நியர் குனிந்து இரண்டு கரித்துண்டுகளை எடுத்ததையும், ஒன்றோடொன்று தட்டியதையும், கண்ணை மூடிக்கொண்டதையும் சுவாரசியமாகப் பார்த்தார். கணீர். உடைந்த முகம் கறுப்புக் கண்ணாடியாக மின்னியது. கங்கு மாஸ்டர் சாக்கைக் காட்டி, தம்மைக் காட்டி, சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார். பட்டறைக்காரர் தலையை இடமும் வலமுமாக அசைத்தார். இந்தச் சைகைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு, பணி முடித்த மனைவியை மொழிபெயர்ப்பாளராக அழைத்துக்கொண்டு மறுபடியும் போனார். பட்டறைக்காரர் கையை ஆட்டி ஆட்டி நெடுநேரம் பேசினார். மனைவி கேட்டு முடித்துவிட்டுத் திரும்பினாள்.

"விக்க முடியாதாம்."

"அவ்ளோ நேரம் பேசினாரே?"

"மிச்சமெல்லாம் ஏன் முடியாதுன்னு." அவள் மனமிரங்கி விரித்துரைத்தாள்: "பழத்தோட்டக்காரர் ஒருத்தர் காய்ப்பு ஓய்ஞ்ச மரத்தை வெட்டிக் குழியில எரிச்சு எடுக்கற கரியாம். மாசத்துக்கு ஆறு மூட்டைதான் வருமாம். இவருக்கே அது பத்தலையாம். யார் கேட்டாலும் கொடுக்கறதில்லையாம். வாங்க போலாம்."

அவர் நகரவில்லை. உலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். துருத்தியின் காற்று ஏறியதும் கரி படீரென்று வெடித்து, பொறி ஒன்று பறந்து, பட்டறைக்காரரின் ஏப்ரனில் விழுந்தது. அவர் பழக்கப்பட்ட கையால் தட்டிவிட்டார். ஏப்ரன் முழுதும் சல்லடைபோலத் துளைகள். முழங்கைகளில் அதே அளவான தழும்புகள்.

"பொறி எப்பவும் இப்படித் தெறிக்குமான்னு கேளு."

கேட்டாள். பட்டறைக்காரர் சிரித்து, கழுத்துப்பட்டையைத் தாழ்த்தி அங்கிருந்த ஒரு வடுவையும் காட்டினார்.

"நான் கழுவித் தரேன்னு சொல்லு."

"எதை?"

"கரியை."

மனைவி அவரைப் பார்த்தாள். கை தானாகச் சட்டையின் கீழ்ப்பொத்தானுக்குப் போயிற்று. அது ஏற்கெனவே போட்டிருந்தது. "நம்ம வீட்டுத் தொட்டி ஞாபகம் இருக்கா? நான் இந்த ரோட்டுல தினம் நாலு தடவை போறேங்க. இந்த மனுஷனோட கரியக் கூழாக்கிட்டீங்கன்னா நான் ரூட்டை மாத்திக்கணும்."

"இது கரையாது."

"அன்னிக்கும் அப்படி நினைச்சுத்தானே போட்டீங்க?"

"அன்னிக்குத் தட்டிப் பாக்கல. கட்டி ஒரே அளவா அழகா இருந்துச்சு, அதுல ஏமாந்துட்டேன்." அவள் காதருகே இரண்டு துண்டுகளைத் தட்டினார். "கேளு."

அவள் கேட்டாள். கணவர் எட்டு மாதங்களாக இவ்வளவு உறுதியாக எதையும் சொன்னதில்லை என்பதும் அப்போது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். திரும்பி, நிதானமாக மொழிபெயர்த்தாள். பட்டறைக்காரர் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும், பழுத்த இரும்பை முக்கிக் குளிர்விக்கும் தண்ணீர்த் தொட்டியைக் கையால் காட்டினார். செய்து பார் என்பதுபோல.

அரை மூட்டை தொட்டிக்குள் போயிற்று. தண்ணீர் நொடியில் கறுத்தது, குளியல்தொட்டி கறுத்த அதே கறுப்பு. மனைவி ஓரடி பின்வாங்கினாள். அவர் முழங்கைவரை கையை விட்டு, அரிசி களைவதுபோல அலசினார். தூள் கலங்கிக் கலங்கி அடியில் இறங்கியது. பிறகு ஒவ்வொன்றாக மேலே வந்தன: கறுத்து, முழுசாக, கழுவிவைத்த நாவற்பழங்களைப்போல மினுங்கிக்கொண்டு. ஒன்றுகூடக் கரையவில்லை. அடியில் படிந்த தூளை ஒரு பிடி அள்ளிப் பட்டறைக்காரரின் உள்ளங்கையில் வைத்தார். "இதுதான் அவரைச் சுட்டுக்கிட்டு இருக்கு. சொல்லு."

உலையை அடுத்த இரும்புத் தகட்டின்மேல் கம்பிவலை விரித்துக் கரியைப் பரப்பினார்கள். மொட்டைமாடி வெயில் இரண்டு நாளில் செய்வதை அந்தத் தகடு ஒரே நாளில் செய்தது. வியாழன் பிற்பகல் பட்டறைக்காரர் தாமே அதை உலையில் இட்டுத் துருத்தியை முடுக்கினார். ஏப்ரனைத் தூக்கி முகத்துக்கு மறைவாகப் பிடித்தபடி காத்திருந்தார். கரி சிவந்தது, சிவந்து வெளுத்தது, ஒரு பொறி இல்லை. ஏப்ரனை மெல்லத் தாழ்த்தினார். உலையைப் பார்த்தார், இந்தக் குட்டை மனிதரைப் பார்த்தார், பிறகு மனைவியிடம் மிகச் சுருக்கமாக ஏதோ சொன்னார்.

"மாசாமாசம் ஆறு மூட்டையும் நீங்கதான் கழுவணுமாம்," என்றாள். குரல் ஓட்டுநர் குரலாகவே இருந்தது. கண் அப்படி இல்லை. "வெடிச்சுச் சிதறாததால கரி அவருக்கு மிச்சமாகுமாம். கூலி ரெண்டு மூட்டை. முதல் மூட்டையை இன்னிக்கே எடுத்துக்கலாமாம்."

அந்த மூட்டை அன்றே பட்டறைத் தொட்டியில் குளித்து, தகட்டில் காய்ந்து, வெள்ளிக்கிழமை பேருந்திலேயே வீடு வந்தது. அவள் அப்போது பயணிதான். ஆனாலும் வழக்கம் விடவில்லை. "கம்பியோட சேத்துக் கட்டுங்க. வளைவுல உருண்டு யார் காலையாவது கறுப்பாக்கினா நான் உங்களைத் தெரியாதுன்னு சொல்லிடுவேன்." வீட்டுக் குழாயின் ஒரு சொட்டும் அதன்மேல் படவில்லை.

சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு அவர் பின்முற்றத்தில் இருந்தார். துருவைச் சுரண்டி, அடுப்பின் வலப்பாதியில் கரியைக் கோபுரமாக அடுக்கி, இடப்பாதியை வெறுமையாக விட்டார். காகிதம் எரிந்தபோது ஒரு கைப்பிடிப் புகை எழுந்து கலைந்தது. முதலாளியம்மா மாடிச் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். மைத்துனனும் அரைநாள் விடுப்பு எடுத்து வந்திருந்தான்; ஆறுதல் சொல்லத் தயாராக வந்தவனின் முகம் அவனுக்கு.

"என்ன மாமா, பத்திக்கிச்சா இல்லையா? ஒண்ணும் தெரியலையே."

"கையை நீட்டிப் பாரு."

நீட்டியவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். "அய்யோ! சொல்லியிருக்கக் கூடாதா?"

"அதான் சொன்னேனே, நீட்டிப் பாருன்னு."

கரி வாய்பேசாமல் எரிந்தது. வெடிப்பில்லை, புகையில்லை, அடியில் பழுத்த சிவப்பு, மேலே மெல்லிய வெண்ணீறு. அவர் உள்ளங்கையைக் கங்குக்கு மேலே பிடித்து எண்ணினார். ஆறு எண்ணும்வரை தாங்கினால் கோழிக்கு ஆயிற்று. கோழிக் கம்பிகளைக் கங்குக்கு நேர்மேலே வைக்காமல் வெறுமையான பக்கத்தில் வைத்துத் திருப்பினார். கொழுப்பு வெறும் இரும்பில்தான் சொட்டியது, நெருப்பில் சொட்டிப் புகையவில்லை. கடைசி ஒரு நிமிடம் மட்டும் ஒவ்வொரு கம்பியையும் கங்கின்மேல் காட்டி, தோல் முறுகியதும் இழுத்தார். எட்டு மாதங்களாகியும் கைகள் இதை மறக்கவில்லை. முதல் கம்பியைத் திருப்பியபோதே அவருக்கு அது தெரிந்துபோயிற்று. மற்றவர்களுக்குத் தெரிவதுதான் பாக்கி.

மேலே சன்னல் திறந்தது.

மேல்மாடிக்காரர் பாதி உடலை வெளியே நீட்டிக் கீழே பார்த்தார். ஏதோ கேட்டார். முதலாளியம்மா பதில் சொன்னார். அவர் மறுபடியும் ஏதோ கேட்டார். முற்றத்தில் ஒருவரும் அசையவில்லை. கம்பி மட்டும் திரும்பிக்கொண்டிருந்தது.

"என்னம்மா சொல்றாரு?"

"காலைல இருந்து சன்னலைச் சாத்திட்டு உக்காந்திருக்காராம்," என்றார் முதலாளியம்மா, ஒவ்வொரு சொல்லையும் தாமே நம்பமுடியாதவர்போல. "புகையே வரலையாம். கோழி வாசம் மட்டும் சாத்தின சன்னல் வழியா வருதாம். அடுப்பைப் பத்த வைக்காம எப்படிச் சமைக்கிறீங்கன்னு கேக்கறாரு."

"பத்த வச்சிருக்குன்னு சொல்லுங்க."

"சொல்லிட்டேன். நம்பல. இறங்கி வராரு."

இறங்கி வந்தார். கையில் தம் வீட்டுத் தட்டு ஒன்று இருந்தது. அடுப்பைச் சுற்றி ஒரு முறை நடந்தார். கையை நீட்டிப் பார்த்து, மைத்துனனைப்போலவே வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு தட்டை நீட்டினார். மூன்று துண்டுகள் விழுந்தன. தட்டின் சூடு தாங்காமல், சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து அடியில் கொடுத்துப் பிடித்துக்கொண்டார். அது நகராட்சியின் புகார்ப் படிவம் என்பதை முதலாளியம்மா பார்த்தார். தேதியைத் தவிர எல்லாம் பூர்த்தியாகியிருந்தது. அதன்மேல் கோழியின் சாறு இறங்கி, எழுத்துகளைப் பொறுமையாக அழித்துக்கொண்டிருந்தது. இரண்டாம் முறை தட்டை நீட்டியபோது படிவத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். முதலாளியம்மா அதை இடுக்கியால் எடுத்துக் கங்குக்குள் வைத்தார். அன்று அந்த அடுப்பில் எழுந்த புகையில் பெரும்பகுதி அந்தக் காகிதத்தினுடையது.

ஒன்றரை மணிக்கு முன்வாசலில் தொடங்கிய வரிசை தெருமூலைவரை போயிற்று. முதலாளியம்மா அடுப்புக்கு வந்து, மஞ்சள்படிந்த விரலால் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, இந்த முறை மென்று முடித்தார்.

"பூச்செடிக்கு வேற இடம் பாக்கணும்," என்றார். "செவ்வாய்க்கிழமையில இருந்து வாங்க மாஸ்டர். கூடம் நிமிந்துடுச்சு."

மைத்துனன் வாயில் கோழியோடு கைப்பேசியை எடுத்தான். கிடங்குக்குத்தான். "திங்கக்கிழமை ஒரு ஆள் வருவாருன்னு சொன்னேன் இல்ல? வரமாட்டாரு... இல்ல, உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு... அவருக்குத் திங்கக்கிழமை கரி கழுவற வேலை இருக்கு." எதிர்முனையில் என்ன கேட்டார்களோ, அவன் நிமிர்ந்து நின்று, குரலை உயர்த்தினான். "ஆமா, கரிதான். கழுவத்தான். எங்க மாமா கழுவினா வெளுக்கும்."

ஒன்று நாற்பதுக்கு மனைவியின் பேருந்து உணவகத்துக்கு எதிரேயுள்ள நிறுத்தத்துக்கு வரும். அவர் ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். கதவு திறந்தது. பயணிகள் இறங்கும்வரை ஒதுங்கி நின்று, பிறகு பொட்டலத்தை நீட்டினார்.

"வேலை நேரத்துல சாப்பிடக் கூடாது," என்றாள். ஆனால் வாங்கிக்கொண்டாள். இருக்கைக்குப் பின்னாலுள்ள பெட்டியில் வைத்து மூடினாள். அதன் பிறகுதான் அவரைப் பார்த்தாள். கன்னத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கரி. சட்டையெல்லாம் தணல் வாசம். எட்டு மாதங்களாகக் காணாமற்போயிருந்த ஒருவர் படியில் நின்றுகொண்டிருந்தார்.

"புகை?" என்று கேட்டாள்.

"இல்ல."

"மாடிக்காரர்?"

"மூணாவது தட்டு சாப்பிடறாரு."

அவள் தலையசைத்தாள், சீட்டைக் காட்டுகிறவர்களுக்கு அசைக்கும் அதே அசைவு. கதவு மூடிற்று. கண்ணாடிகளை இடமும் வலமும் பார்த்து, சைகை விளக்கைப் போட்டு, விதிப்படி பேருந்தைச் சாலைக்கு எடுத்தாள். முன்னால் வண்டி இல்லை. குறுக்கே ஆள் இல்லை. ஒரு பூனைகூட இல்லை.

அப்படியிருந்தும் ஹாரனை நன்றாக, நீளமாக, ஒரு முறை அடித்தாள்.